பவர் ஸ்டீயரிங் ஹோஸ் போயிருக்கிறதா, ரேக் போயிருக்கிறதா? கழற்றுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள்

கேள்வி இதுதான். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கார். இரண்டு வாரமாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல். நேற்று காலை வண்டி நின்ற இடத்தில் சிவப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது, ஸ்டீயரிங்கும் இறுகிப்போய்விட்டது. அடியில் எங்கு கைவைத்தாலும் எண்ணெய். ஒரு மெக்கானிக் ரேக்கையே (ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் எண்ணெய் போகும் ஹோஸ்தான் போயிருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி, இதை நானே சரிசெய்ய முடியுமா?

ஹோஸாக இருந்தால் முடியும். சரியான ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒரு நாள் வேலை. ஆனால் யார் சொல்வது சரி என்பதற்கு வருவோம். அடிப்பகுதி முழுக்க எண்ணெயாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த நிலையில் வண்டியைப் பார்த்து யார் என்ன சொன்னாலும் அது யூகம்தான், நான் சொன்னாலும் சரி. முதலில் சுத்தமாகத் துடைக்க வேண்டும், அப்புறம் எங்கிருந்து ஈரம் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ரேக், பம்ப் என்று விலை உயர்ந்த சாமான்களை மாற்றிவிட்டு, ஒழுகல் அப்படியே இருக்கிறது என்று நிற்பவர்கள் நிறைய பேர். அதில் நானும் ஒருவன், அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் காரில் எண்ணெய் தேங்கியதால் அது ஹைட்ராலிக் ஸ்டீயரிங் (எண்ணெய் அழுத்தத்தால் உதவும் வகை) என்பது ஏறக்குறைய உறுதி. இதே தொல்லையோடு படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார்தான் உதவுகிறது. அதில் எண்ணெயும் கிடையாது, ஹோஸும் கிடையாது. பானட்டைத் திறந்து, ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு சின்ன எண்ணெய் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பதில் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

எண்ணெய் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சின் பெல்ட்டில் சுழலும் பம்ப், டப்பாவிலிருந்து எண்ணெயை இழுத்து, அழுத்தி, ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக்கில் வேலை முடித்த எண்ணெய் திரும்ப டப்பாவுக்கு வருகிறது. இதற்கு மூன்று ஹோஸ்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு வருவது சப்ளை ஹோஸ், கொஞ்சம் தடிமனாக இருக்கும், இதில் அழுத்தமே கிடையாது, பார்க்கப்போனால் உறிஞ்சல்தான். பம்பிலிருந்து ரேக்குக்குப் போவது பிரஷர் ஹோஸ், இரண்டு முனையிலும் இரும்புக் குழாய், நடுவில் ரப்பர், ரப்பரும் இரும்பும் சேரும் இடத்தில் நசுக்கி இறுக்கிய இரும்பு உறை. அதைத்தான் கிரிம்ப் என்கிறோம். ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்புவது ரிட்டர்ன் ஹோஸ், பல வண்டிகளில் இது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளைந்த குழாய் வழியாகப் போய் சூடு ஆறிவிட்டு வரும்.

நேராக ஓட்டும்போது பிரஷர் ஹோஸில் பெரிய அழுத்தம் இருக்காது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து அப்படியே பிடித்தால் ஆயிரம் பி.எஸ்.ஐ.யைத் தாண்டும், சில வண்டிகளில் 1,500 வரை போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பி.எஸ்.ஐ. அளவில்தான். அதனால்தான் வண்டி சும்மா நிற்கும்போது ஒரு சொட்டுகூட விடாத ஹோஸ், பார்க்கிங்கில் ஒடித்துத் திருப்பும்போது பீய்ச்சி அடிக்கிறது. ‘ஐடிலில் (வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு) பார்த்தேன், ஒன்றும் ஒழுகவில்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னக் குத்து மாதிரிதான் இருக்கும், வலிகூட உடனே தெரியாது, ஆனால் உள்ளே சதை கெட ஆரம்பிக்கும். அப்படி நடந்தால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பார்ப்பதற்கு அட்டைத் துண்டைக் கம்பியில் செருகிப் பிடியுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் இடம் என்பதால் தொங்கும் துணி, சங்கிலி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த எண்ணெய் தீப்பிடிக்கும். பிரஷர் ஹோஸ் பல வண்டிகளில் எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில்தான் போகிறது. பானட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகையும் எண்ணெய் கருகும் வாடையும் வந்தால் ‘வீடு வரைக்கும் போய்விடலாம்’ என்று ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

சரி, இப்போது கண்டுபிடிக்கும் வேலை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டப்பாவின் அளவைப் பாருங்கள். சிவப்பு எண்ணெய் என்றாலே ஸ்டீயரிங் எண்ணெய் என்று முடிவுகட்டக் கூடாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சிவப்புதான். ஸ்டீயரிங் டப்பாவில் அளவு இறங்கியிருந்தால் அது ஸ்டீயரிங் எண்ணெய்தான். இறங்கவில்லை, ஆனால் தரையில் எண்ணெய் இருக்கிறது என்றால் கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டீயரிங் எண்ணெய் பச்சையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், பழசாகிவிட்டால் எல்லாமே பழுப்புதான்.

அப்புறம் துடைப்பது. எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் திரவம் எதுவும் சரிதான், ஆல்டர்னேட்டரையும் மின்இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி உலர விடுங்கள். டப்பா, பம்ப், மூன்று ஹோஸ், ரேக், அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் என எல்லாம் காய்ந்த பிறகு டப்பாவைச் சரியான அளவுக்கு நிரப்பி, ஒருவரை உள்ளே உட்கார வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். அவர் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கடைசிக்கு ஒடிக்கட்டும், நான்கைந்து வினாடிக்கு மேல் அங்கே பிடிக்க வேண்டாம், பம்ப் கொதித்துவிடும். பிறகு மறுபக்கம். நீங்கள் விளக்கை அடித்து மேலிருந்து பார்க்க வேண்டும்.

மேலிருந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. எது மிக உயரத்தில், மிக முன்னால் ஈரமாக இருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

என் பழைய கார் ஒன்றில் ரேக்கின் நடுப்பகுதியிலிருந்து சொட்டியது. பணிமனையில் ரேக் சீல் போய்விட்டது என்றார்கள், நானும் தலையாட்டி ரேக்கை மாற்றினேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. அன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுக்கக் கழுவிவிட்டு விளக்கோடு பார்த்தேன். ரேக்குக்கு ஒரு சாண் மேலே, பிரஷர் ஹோஸின் கிரிம்ப் விளிம்பில் ரப்பரைச் சுற்றி மெல்லிய வளையமாக ஈரம். ஐடிலில் அது அசையவே இல்லை. தம்பி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் வளையம் பளபளத்தது, கடுகளவு துளி ஒன்று உருண்டு வந்தது, இரும்புக் குழாயின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வளைவில் ஒரு நொடி நின்று, ரேக்கின் மேல் விழுந்தது. கீழே படுத்துப் பார்ப்பவனுக்கு அது ரேக்கிலிருந்து வருவதாகத்தான் தெரியும். நல்ல ரேக் ஒன்றை வீணாகக் கழற்றினோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

கசிவு மிக மெதுவாக இருந்தால் இரண்டு வழி. ஹோஸ் காய்ந்த பிறகு மேலே டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஒடித்துப் பாருங்கள், எண்ணெய் வரும் இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். இல்லையென்றால் எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது, கொஞ்சம் ஊற்றி இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் புறஊதா விளக்கு அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக மின்னும். இரவில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ரேக்கா இல்லையா என்பதற்கு ஒரு நேரடிச் சோதனை உண்டு. ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கிறது அல்லவா, எஞ்சினை நிறுத்திவிட்டு அதைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் குலுங்கினாலோ, கிளாம்பைத் தளர்த்தியதும் கொட்டினாலோ ரேக்கின் முனைச் சீல் போய்விட்டது, ஹோஸை மாற்றிப் பலனில்லை. ஸ்டீயரிங் தண்டு ரேக்குக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீலும் போகலாம், அப்போது ரேக்கின் மேல்பக்கம் அந்தத் தண்டைச் சுற்றி ஈரமாக இருக்கும். இரண்டும் காய்ந்திருந்தால் ரேக்கை விட்டுவிடுங்கள். பம்ப்பில் பார்க்க வேண்டியது புல்லிக்குப் பின்னால். அங்கே தண்டுச் சீல் கசிந்தால் புல்லி எண்ணெயை வட்டமாக வாரி இறைத்திருக்கும், அந்தத் தெறிப்பு தனி அடையாளம். டப்பாவில் மயிரிழை விரிசல் விழுவதும் சகஜம், அதுவும் அடியில் ஹோஸ் மாட்டும் மூக்குப் பக்கத்தில்.

ஒரு சொட்டும் ஒழுகாமலும் ஹோஸ் கெட்டிருக்கலாம். இதைப் பலர் யோசிப்பதில்லை. சப்ளை ஹோஸில் உறிஞ்சல் என்று சொன்னேன். அது வெடித்திருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ எண்ணெய் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். டப்பா மூடியைத் திறந்தால் எண்ணெய் நுரை கட்டி, பால் கலந்த மாதிரி இருக்கும், முனகலும் விடாது. ஒரு சின்ன கிளாம்ப்தான் காரணமாக இருக்கும், ஆனால் பம்ப் போய்விட்டது என்று மாற்றிவிடுவார்கள். இன்னொன்று, பழைய ஹோஸின் உள்படலம் பிரிந்து நாக்கு மாதிரித் தொங்கி வழியை மறிப்பது. வெளியே ஹோஸ் நன்றாகவே இருக்கும், ஸ்டீயரிங் ஒரு நேரம் லேசாகவும் ஒரு நேரம் கனமாகவும் இருக்கும். ஆறிய ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினாலும், கல் மாதிரி இறுகி வளைத்தால் வெடிப்பு காட்டினாலும் அதன் காலம் முடிந்தது. புதுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு, பக்கத்தில் கடைசியாக மாற்றிய ஏதாவது ஹோஸைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அது ஏன் போனது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் சூடும் வயதும்தான். ஆனால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்து எஞ்சின் அதிகமாக ஆடினால் பம்ப்போடு சேர்ந்து ஹோஸும் ஆடி, கிரிம்ப் பக்கத்திலேயே வெடிக்கும். ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து அது எதன் மேலாவது உரசிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இரும்புக் குழாய்ப் பகுதி துருப்பிடித்துப் பொத்தலாவதும் உண்டு. காரணம் அப்படியே இருந்தால் புது ஹோஸும் அதே இடத்தில் போகும்.

ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நேரடி இரும்புத் தொடர்பு இருப்பதால் எண்ணெய் இல்லாவிட்டாலும் வண்டி திரும்பும், ஆனால் மிகக் கனமாக. மெதுவாகப் போகும்போதுதான் அந்தக் கனம் அதிகம் தெரியும், சந்து திரும்பும்போது இரண்டு கையும் போதாது. எண்ணெய் இல்லாமல் பம்ப் ஓடினால் சீக்கிரமே உள்ளே அரைத்துக்கொண்டு போய்விடும், அந்த இரும்புத்தூள் ரேக்குக்கும் போகும். சிறு கசிவு என்றால் அடிக்கடி அளவைப் பார்த்து நிரப்பிக்கொண்டு பணிமனை வரைக்கும் ஓட்டலாம். பீய்ச்சினால் ஓட்ட வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். சில கனரக பிக்கப் வண்டிகளில் பிரேக் உதவியும் இதே எண்ணெயில் நடக்கிறது, அவற்றில் ஹோஸ் போனால் பிரேக்கும் கனமாகிவிடும் என்பதால் அங்கே இந்தச் சலுகையும் கிடையாது.

ஒட்டுப் போடலாமா என்பதற்கு என் பதில் கறாராகவே இருக்கும். பிரஷர் ஹோஸில் டேப் சுற்றுவது, வெட்டிவிட்டு நடுவில் குழாய் செருகி ஸ்க்ரூ கிளாம்ப் போடுவது, எபாக்ஸி பூசுவது எதுவும் வேண்டாம். ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கு முன் அந்தக் கிளாம்ப் ஒன்றுமே இல்லை, அது கழன்றால் சூடான எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் ஒரே வீச்சாகக் கொட்டும். கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் திரவம் இறுகிப்போன சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கலாம், வெடித்த ஹோஸை அது ஒன்றும் செய்யாது.

சப்ளை, ரிட்டர்ன் ஹோஸ்கள் வேறு கதை. ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் குறைவு, இரண்டும் பெரும்பாலும் கிளாம்ப் போட்டுத்தான் மாட்டியிருக்கும், அதனால் மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போடலாம். ஒரே நிபந்தனை, ஸ்டீயரிங் எண்ணெய்க்கென்று செய்த ஹோஸாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ் அளவு சரியாக இருக்கிறதே என்று அதை மாட்டிவிடுகிறார்கள். அந்த ரப்பர் தண்ணீருக்கானது, எண்ணெய் பட்டால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே189 (வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர எண்) என்று அச்சிட்டிருந்தால் அது ஸ்டீயரிங் ரிட்டர்னுக்கானது, ஜே188 என்றால் பிரஷர் பக்கத்துக்கானது. முனை வெடித்து, மீதி ஹோஸ் நன்றாக, நீளமும் தாராளமாக இருந்தால் ரிட்டர்ன் ஹோஸை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டி அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம்.

பிரஷர் ஹோஸுக்கு உங்கள் வண்டிக்கென்று வரும் முழு ஹோஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் இடத்தில் பழைய ஹோஸைக் கொடுத்து, இரண்டு பக்க இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் புது ரப்பர் போட்டுக் கிரிம்ப் செய்து வாங்கலாம். வேலை செய்யும். ஆனால் அழுத்தத்துக்கு மட்டுமல்லாமல் சூட்டுக்கும் ஏற்ற ஹோஸா, இந்த எண்ணெய்க்கு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீளமும், இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கோணம் மாறினால் மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். இன்னொரு விஷயம், பல கார்களின் ஒரிஜினல் ஹோஸுக்குள் பம்ப் சத்தத்தை அடக்குவதற்காக ஒரு மெல்லிய குழாயைச் செருகியிருப்பார்கள். கடையில் செய்யும்போது அதை எடுத்துவிட்டால் ஹோஸ் ஒழுகாது, ஆனால் ஒடிக்கும்போது ஒரு ரீங்காரம் வரும். அப்படி வந்தால் பம்ப்பைச் சந்தேகப்பட வேண்டாம்.

எண்ணெயைப் பொறுத்தவரை டப்பா மூடியிலோ கையேட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சில வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறச் செயற்கை எண்ணெய், ஹோண்டாவுக்கு அவர்களுடைய சொந்த எண்ணெய். சிவப்பையும் பச்சையையும் கலக்காதீர்கள். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், அது உள்ளே இருக்கும் சீல்களை உப்ப வைத்துப் பம்ப், ரேக் இரண்டையும் சேர்த்துக் காலி செய்துவிடும்.

இப்போது மாட்டும் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் பழைய ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, எந்தெந்த இடத்தில் கிளிப் இருக்கிறது என்று நாலு பக்கமிருந்து படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு ‘இது அந்தக் கம்பிக்கு மேலேயா கீழேயா’ என்று கட்டாயம் சந்தேகம் வரும்.

டப்பாவில் இருப்பதைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், கீழே தட்டு வையுங்கள், பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் துணியால் மூடுங்கள். முனை நட்டுகளுக்குச் சாதாரண ஓபன் ஸ்பேனர் போடாதீர்கள், மென்மையான நட்டு, மூலை மழுங்கிவிடும். குழாய் நுழைவதற்கு வாயில் வெட்டு விட்ட, ஐந்து பக்கமும் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் இதற்கு. முந்தின நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் தெளித்துவைத்தால் நல்லது. ரேக் பக்கம் இரண்டு குழாய் அடுத்தடுத்து இருக்கும், எது பிரஷர், எது ரிட்டர்ன் என்று பார்த்துக் கழற்றுங்கள். கழற்றிய துளையைச் சுத்தமான துணியாலோ மூடியாலோ உடனே அடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வைக் கீறும்.

பம்ப் முனையில் பல வண்டிகளில் பேன்ஜோ போல்ட் (உள்ளே எண்ணெய் ஓடத் துளையுள்ள போல்ட்), அதற்கு இரண்டு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷர். மற்றவற்றில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். எதுவாக இருந்தாலும் புதுசு போடுங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, திரும்ப இறுக்கினால் அடைக்காது. பழைய ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புதுசையும் சேர்த்து மாட்டினால் நிச்சயமாக ஒழுகும். விரலைவிட விளக்கை நம்புங்கள்.

புது ஹோஸின் இரண்டு முனையையும் முதலில் கையால் மரை ஏற்றுங்கள். நாலைந்து சுற்று சுலபமாக ஏற வேண்டும், ஏறவில்லையென்றால் கோணலாகப் போகிறது, திரும்பக் கழற்றி நேராக வையுங்கள். பம்ப் உடலும் ரேக் உடலும் பெரும்பாலும் அலுமினியம், மரை அழிந்தால் ஹோஸ் வேலை பம்ப் வேலையாகிவிடும். இரண்டு முனையும் கையால் ஏறி, கிளிப்புகளும் உட்கார்ந்து, ஹோஸ் எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, முறுக்கில்லாமல் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர். கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். சில வண்டிகளில் டெஃப்லான் சீல் போட்ட முனைகள் இறுக்கிய பிறகும் லேசாகச் சுழலும், அவை அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஆடுகிறதே என்று மேலும் இறுக்கினால் உடைந்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பத் தகடு இருந்திருந்தால் அதைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

டப்பாவையும் கவனியுங்கள். அடியில் சல்லடை வடிகட்டி இருக்கும், பழைய ஹோஸின் ரப்பர்த் துகள்கள் அங்கேதான் சேரும். கழுவிவிடுங்கள். கழுவ முடியாத வகையாக இருந்து அடைத்திருந்தால் டப்பாவை மாற்றுங்கள், இல்லையென்றால் பம்ப்புக்கு எண்ணெய் போதாமல் முனகல் தொடரும்.

கடைசியில் ஏர் எடுப்பது, அதாவது ஹோஸுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அவசரப்பட்டு எஞ்சினைத் தட்டினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் எண்ணெயோடு கடைந்து நுரையாகிவிடும், அது அடங்க மணிக்கணக்காகும். அதனால் முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கியே வைத்து, டப்பாவை நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு மெதுவாக ஒடியுங்கள். இருபது தடவையாவது. பூட்டு விழாமல் இருக்கச் சாவி போட்டிருக்க வேண்டும். டப்பாவில் குமிழி குமிழியாக வரும், அளவு இறங்கும், இன்னொருவர் பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். குமிழி நின்ற பிறகு எஞ்சினைச் சில வினாடி ஓட்டி நிறுத்துங்கள், அளவைப் பாருங்கள், நிரப்புங்கள். பிறகு ஐடிலில் விட்டு மெதுவாக இரண்டு பக்கமும் ஒடியுங்கள், கடைசியில் பிடித்து வைக்காதீர்கள். எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

வண்டியை இறக்கிய பிறகு, ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எஞ்சின் ஓடும்போது முழு ஒடிப்பில் இரண்டு முனையையும் விளக்கால் பாருங்கள், அட்டையோடு. பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஊறிப்போய் ‘க்ரீச்’ என்று வழுக்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதே பெல்ட்தான் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. எண்ணெயில் ஊறிய எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் துடைத்துவிடுங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய எஞ்சின் ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன், ஆறிய நிலையில் டப்பாவின் அளவைக் குறித்துக்கொண்டு, அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். பேன்ஜோ முனை மட்டும் லேசாகக் கசிந்தால் இன்னும் இறுக்காமல், கழற்றி வாஷரை மாற்றிவிட்டு மாட்டுங்கள், பெரும்பாலும் வாஷர் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருந்திருக்கும். ஹோஸ் இரண்டு முனையும் காய்ந்திருந்து, அளவும் இறங்காமல், முனகல் மட்டும் இருந்தால் சப்ளை ஹோஸின் கிளாம்பை மறுபடி பாருங்கள்.